சத்தியவேடு பக்கம் ரூஃப் காங்கிரீட்: பாட்டில் சோதனையில் 8% வண்டல் வந்த ஆற்று மணலைப் போடலாமா?

சத்தியவேடு_வீடு:

வணக்கம். சத்தியவேட்டிலிருந்து நாகலாபுரம் போகும் வழியில் வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. தரைத்தளம் மட்டும், 1,050 சதுர அடி. லிண்டல் முடிந்து சென்ட்ரிங் ஏறப்போகிறது. ரூஃப் 5 அங்குலம், எம்20 தரக் காங்கிரீட், சிமென்ட், மணல், ஜல்லி 1:1½:3, சைட்டிலேயே மிக்சர்.

மணல் இரண்டு லோடு இறங்கியிருக்கிறது. முதல் லோடு ஆரணியாற்று மணல். பழுப்பு நிறம், கொஞ்சம் பருமன். இரண்டாவது வேறு ஆளிடம் வாங்கியது. 'வாகு இசுக' (தெலுங்கில் ஓடை மணல்) என்று சொல்லித்தான் கொட்டிவிட்டுப் போனார். வெளிறிய நிறம், பொடி மணல். அங்கங்கே வெள்ளையாகச் சிப்பித் தூள் மாதிரி தெரிகிறது.

நேரான கண்ணாடி பாட்டிலில் போட்டுப் பார்த்தேன்.

முதல் லோடு, வெறும் தண்ணீரில், ஒரு மணி நேரம் கழித்து: வண்டல் 3 மி.மீ. மேலே தண்ணீர் காபி நிறத்திலேயே நின்றது.
அதே மணல், உப்புத் தண்ணீரில், 3 மணி நேரம் கழித்து: மொத்த உயரம் 100 மி.மீ., அதில் வண்டல் 8 மி.மீ.
இரண்டாவது லோடு, உப்புத் தண்ணீரில்: வண்டல் வெறும் 2 மி.மீ.

8% வரை பரவாயில்லை என்று ஒருவர் சொல்கிறார், 3% தாண்டக் கூடாது என்று இன்னொருவர். எது சரி? இரண்டாவது லோடுதான் சுத்தமான மணல், அதையே ரூஃபுக்குப் போடலாம் என்பது மேஸ்திரியின் கட்சி. முதல் லோடைச் சலித்துவிட்டு, மூட்டைக்குக் கொஞ்சம் சிமென்ட் கூட்டிப் போட்டால் சரியாகிவிடும் என்றும் சொல்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊத்துக்கோட்டை_சிவில்:

முதலில் கணக்கு. வண்டலை மொத்த உயரத்தால் வகுக்கக் கூடாது. அதற்கு அடியில் படிந்த மணலின் உயரத்தால் வகுக்க வேண்டும். உங்கள் பாட்டிலில் மணல் 92, வண்டல் 8. வகுத்தால் 8.7%. எல்லையில் நிற்கவில்லை, தாண்டிவிட்டது.

8-ம் 3-ம் இரண்டும் சரி, ஆனால் அளக்கும் கோல் வேறு. 8% என்பது கன அளவு. பாட்டிலில் கண்ணால் பார்க்கும் உயரத்துக்கு மத்தியப் பொதுப்பணித் துறை வைத்திருக்கும் வரம்பு அது. 3% என்பது எடை. மணலை 75 மைக்ரான் சல்லடையில் வைத்துக் கழுவி, போனது எவ்வளவு என்று நிறுத்துப் பார்ப்பது. இயற்கை மணலுக்கு ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தரநிலை சொல்வது அதுதான். தண்ணீரில் ஊறிய வண்டல் பஞ்சு மாதிரி உப்பி இடத்தை அடைக்கும், எடையில் ஒன்றும் இருக்காது. அதனால்தான் இரண்டு எண்ணுக்கும் இவ்வளவு தூரம். பாட்டில் சோதனை லோடைத் திருப்பி அனுப்பலாமா என்று முடிவு செய்யத்தான். சண்டை வந்தால் எடைக் கணக்குதான் நிற்கும். இன்னொன்று, எம்.சாண்டுக்கு 15% வரை அனுமதி உண்டு என்று காட்டி ஆற்று மணலைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அது உடைத்த கல்லின் தூளுக்குக் கொடுத்த சலுகை. ஆற்று மணலில் இருப்பது களிமண்.

வெறும் தண்ணீரில் 3 வந்ததை மறந்துவிடுங்கள். களிமண் துகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நாள் கணக்கில் மிதக்கும். உப்பு போட்டால்தான் திரண்டு இறங்கும். காபி நிறமாக நின்றதே தண்ணீர், உங்கள் காணாமல் போன 5 மி.மீ. அதில்தான் இருந்தது.

முறையாகச் செய்ய: அரை லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி தலைதட்டி உப்பு, அதாவது ஏறத்தாழ 1% கரைசல். 250 மி.லி. அளவுக் குழாயில் முதலில் 50 மி.லி. கரைசல் ஊற்றுங்கள். மணலை மெதுவாகப் போட்டு 100 மி.லி. கோடு வரை கொண்டுவாருங்கள். மறுபடி கரைசல் ஊற்றி 150 வரை ஏற்றுங்கள். வாயை மூடி நன்றாகக் குலுக்கி, கடைசி நாலைந்து குலுக்கலை மட்டும் பக்கவாட்டில் செய்தால் மணல் மட்டமாகப் படியும். 3 மணி நேரம் யாரும் தொடக் கூடாது. பாட்டிலில் செய்தால் அடி குழிந்தில்லாத பாட்டிலாகப் பாருங்கள். குழிந்த அடி மணல் உயரத்தைக் கூட்டிக் காட்டி, சதவீதத்தைக் குறைத்துவிடும்.

அதற்கு முன் ஒரு கேள்வி: பாட்டிலில் போட்ட மணலை எங்கிருந்து அள்ளினீர்கள்? குவியலின் ஓரத்தில் அள்ளினால் உருண்டு வந்த பருமணல்தான் கிடைக்கும். மழைத் தண்ணீர் வடிந்த அடிப்பக்கத்தில் அள்ளினால் மேலிருந்து இறங்கிய வண்டலெல்லாம் கைக்கு வரும். எட்டுப் பத்து இடத்தில் ஒரு அடி ஆழம் தோண்டி, இடத்துக்கு ஒரு சட்டி எடுத்துத் தார்ப்பாயில் கொட்டுங்கள். நன்றாகக் கலந்து வட்டமாகப் பரப்பி, நாலு பங்காகக் கீறி, எதிரெதிர் இரண்டு பங்கை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிக் குறைத்தால் கையில் மிஞ்சுவதுதான் லோடின் உண்மையான சாம்பிள். இதைச் செய்துவிட்டு எண் சொல்லுங்கள். 8.7-ஐ நான் இன்னும் நம்பவில்லை.

சிமென்டைக் கூட்டுவது தீர்வே இல்லை. களிமண் மணல் மேல் தோல் மாதிரி ஒட்டிக்கொண்டு சிமென்ட் பிடிப்பதைத் தடுக்கும், கூடவே தண்ணீரையும் குடிக்கும். கலவை இளக வேண்டும் என்று ஆள் இன்னும் தண்ணீர் விடுவார். கூட்டின சிமென்டும் கூட்டின தண்ணீரும் சேர்ந்து, ரூஃப் போட்ட ஒன்றிரண்டு நாளில் வெடிப்பாக வந்து நிற்கும்.

கரணை:

சார் சொன்னதுல ஒண்ணு சேத்துக்கறேன். சலிச்சா வண்டல் போகாது தம்பி. சலிச்சா போறது கூழாங்கல்லும் வேரும் சிப்பியும்தான். வண்டல் மணலோட மணலா சல்லடைக் கண்ணுல எறங்கி வந்துடும். கழுவினாத்தான் போகும்.

கழுவணும்னா, சரிவா இருக்கற சிமென்ட் தளத்துல அரை அடி உயரத்துக்கு மணலைப் பரப்பி, மேட்டுப் பக்கத்துலேருந்து ஓஸ் பிடிக்கணும். மண்வெட்டியால கிளறிக்கிட்டே இருக்கணும். ஓடற தண்ணி கலங்கல் இல்லாம வந்தா நிறுத்திடு. வேகமா அடிச்சுக் கழுவாதே. மணல்ல இருக்கற பொடியும் கூடவே போயிடும். அந்தப் பொடி இல்லேன்னா காங்கிரீட் முரடா நிக்கும், கரணை ஓடாது, மேல தண்ணி கக்கும்.

கழுவ வசதி இல்லேன்னா கலந்துடலாம். 9 இருக்கற மணலும் 3 இருக்கற மணலும் பாதிக்குப் பாதி கலந்தா 6. கலந்ததுக்கு அப்புறம் மறுபடி பாட்டில்ல போட்டுப் பாக்கணும். ஆனா உன் ரெண்டாவது லோடோட கலக்காதே. சிப்பின்னு சொன்னியே, அது என்னன்னு தெரியற வரைக்கும் அதைத் தொடவே வேணாம்.

இந்தப் பக்கத்துல இன்னொரு தொல்லை, சவுடு மண்ணைக் கழுவி ஆத்து மணல்னு விக்கறது. ஃபில்டர் மணல்னு சொல்வாங்க. பாக்க மணல் மாதிரியேதான் இருக்கும். இதைப் பிடிக்க ஒரு வழி இருக்கு. பாட்டில் சோதனை முடிஞ்சதும் மேல இருக்கற கலங்கலை ஊத்திட்டு, அதே மணல்ல புதுத் தண்ணி விட்டு, இன்னும் அஞ்சு நிமிஷம் பலமாக் குலுக்கு. இப்படி மூணு தடவை. ஆத்து மணல்னா ரெண்டாம் தடவையே தண்ணி தெளிஞ்சிடும். சவுடுன்னா ஒவ்வொரு தடவையும் புதுசா கலங்கும். ஏன்னா அதுல இருக்கறது மக்கின கல்லு, குலுக்கக் குலுக்க உடைஞ்சு மண்ணாகும். நாலு பருமணலை எடுத்து ரெண்டு கருங்கல்லுக்கு நடுவுல வெச்சு நசுக்கிப் பாரு. ஆத்து மணல் நறநறன்னு எதிர்த்து நிக்கும். மக்கினது மாவாயிடும்.

உள்ளங்கையில வெச்சுத் தேச்சுப் பாக்கறது பழைய வழக்கம். ஈர மணலைத் தேச்சுக் கொட்டினா கையில செம்மண் கறை நிக்கக் கூடாது, பிசுபிசுக்கக் கூடாது. இதுல மோசமான லோடு தெரிஞ்சிடும். ஆனா 6-க்கும் 9-க்கும் வித்தியாசம் கைக்குத் தெரியாது. தெரியும்னு சொல்ற மேஸ்திரியை நம்பாதே.

லேப்_மேசை:

எல்லோரும் முதல் லோடைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குப் பயம் இரண்டாவது லோடில்தான். வெளிறிய நிறம், ஒரே அளவான பொடி, சிப்பித் தூள், வண்டல் இல்லை. நாலும் சேர்ந்தால் கடற்கரை மணல் அல்லது காயலோரத்து மணல் என்று சந்தேகப்பட வேண்டும். தடா, பழவேற்காடு பக்கம் உங்களுக்குத் தூரமில்லை. அலை கழுவிய மணலில் வண்டல் இருக்காதுதான். அது சுத்தத்துக்கு அத்தாட்சி ஆகாது. அதில் இருப்பது உப்பு.

உப்பில் இருக்கும் குளோரைடு கம்பியைச் சுற்றிச் சிமென்ட் போட்டுவைக்கும் காப்பை உடைக்கிறது. அப்புறம் துரு. துருப்பிடித்த கம்பி பருத்து, மூடியிருக்கும் காங்கிரீட்டைப் பிளந்து தள்ளும். ரூஃபின் அடிப்பக்கம் பெயர்ந்து கம்பி தெரிவது பெரும்பாலும் இப்படித்தான்.

வரம்பு எவ்வளவு என்று பாருங்கள். ஐ.எஸ். 456-ன்படி கம்பி போட்ட காங்கிரீட்டில், எல்லாப் பொருளும் சேர்த்து, ஒரு கன மீட்டருக்குக் குளோரைடு 0.6 கிலோ தாண்டக் கூடாது. சாப்பாட்டு உப்பாகச் சொன்னால் ஒரு கிலோ. ஒரு கன மீட்டர் காங்கிரீட்டில் உங்கள் கலவைக்கு மணல் ஏறத்தாழ 650 கிலோ. அத்தனை மணலில் ஒரே ஒரு பாக்கெட் உப்பு கலந்தாலே கோட்டா முடிந்தது. நாக்கில் வைத்துப் பார்க்கிறார்களே, காய்ந்த மணலில் இந்த அளவு நாக்குக்கு எட்டாது. ஈரத்தோடு நேரே கடலிலிருந்து வந்த மணல்தான் கரிக்கும். ஒரு மழையில் நனைந்திருந்தால் கரிப்பும் போய்விடும், ஆபத்து முழுதாகப் போயிருக்காது.

வீட்டிலேயே முதல்கட்டமாகப் பார்க்க ஆர்.ஓ. தண்ணீர் பார்க்கும் டி.டி.எஸ். மீட்டர் போதும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் 200 மி.லி., காய்ந்த மணல் 100 கிராம். மூடி போட்ட பாட்டிலில் பத்து நிமிடம் விட்டுவிட்டுக் குலுக்கி, தெளியவிட்டு மீட்டரை நனையுங்கள். மணல் போடாத தண்ணீரையும் முதலில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீரில் செய்தால் அதன் உப்பே மீட்டரைத் தூக்கிவிடும். ஒரு கிலோ உப்புக் கோட்டாவை இந்தப் பாட்டிலுக்குச் சுருக்கினால் மீட்டரில் 770 (லிட்டருக்கு மி.கி.) வருகிறது. ஆனால் சிமென்டும் தண்ணீரும் தங்கள் பங்கைக் கொண்டுவரும். அதனால் 300 தாண்டினாலே நான் லேபுக்கு அனுப்பச் சொல்வேன். மீட்டர் காட்டுவது உப்பு மட்டுமல்ல, கரைந்த எல்லாவற்றையும். எனவே எண் கூடினால் சந்தேகப்படலாம், தீர்ப்புச் சொல்ல முடியாது. எண் குறைவாக வந்தால் மட்டும் நிம்மதியாக இருக்கலாம்.

உப்பேதானா என்று பார்க்க, அதே தெளிந்த நீரில் சில்வர் நைட்ரேட் கரைசல் நாலைந்து சொட்டு. லேசாகப் பால் மூட்டம் தட்டினால் பெரிதாக ஒன்றுமில்லை. தயிர் திரிந்த மாதிரி வெள்ளையாகத் திரண்டால் குளோரைடு கூடுதல். கையில் படாமல் பாருங்கள், பட்ட இடம் கறுத்து ஒரு வாரம் போகாது.

இரண்டு லோடிலிருந்தும் நாலாக வகுத்த சாம்பிளைத் தலைக்குப் பத்துப் பதினைந்து கிலோ பையில் கட்டி, பொறியியல் கல்லூரி சிவில் லேபிலோ என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள லேபிலோ கொடுங்கள். 'மணல் டெஸ்ட்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் சல்லடைப் பிரிப்பு மட்டும் செய்து தாளைக் கையில் கொடுத்துவிடுவார்கள். சல்லடைப் பிரிப்பு, 75 மைக்ரான் கழுவல், கரிமக் கலப்பு, குளோரைடு என்று நாலையும் தனித்தனியாக எழுதுங்கள்.

கரிமக் கலப்பு என்பது இலை, வேர் மக்கின சாறு. சிமென்ட் இறுகுவதையே தள்ளிப்போடும். ஏரி, குளத்தடி மணலில்தான் அதிகம். 3% காஸ்டிக் சோடாக் கரைசலில் மணலைக் குலுக்கி 24 மணி நேரம் வைத்து நிறம் பார்ப்பது. இளம் வைக்கோல் நிறம் என்றால் சரி, டிகாக்ஷன் நிறம் என்றால் ஆகாது. மணலை வெயிலில் காயவைக்காமல் வந்தபடியே போட வேண்டும். காஸ்டிக் சோடா தோலைத் தின்றுவிடும், இதை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள்.

சத்தியவேடு_வீடு:

ரொம்ப நன்றி சார், அண்ணே. சொன்னபடி செய்தேன். முதல் தடவை நான் மணல் அள்ளியது குவியலின் அடியில், தண்ணீர் வடிந்த பக்கம். நாலாக வகுத்து எடுத்ததில் இப்போது மணல் 94, வண்டல் 6, அதாவது 6.4%. மூன்று முறை குலுக்கியதில் இரண்டாம் முறையே தெளிந்துவிட்டது.

டி.டி.எஸ்.: வெறும் டிஸ்டில்டு வாட்டர் 4. முதல் லோடு 62. இரண்டாவது லோடு 410.

லேப் தாள் வந்திருக்கிறது. 75 மைக்ரான் கழுவலில் முதல் லோடு 2.6%, இரண்டாவது 0.8%. கரிமம் இரண்டிலும் இளநிறம். குளோரைடு இன்னும் வரவில்லை. சல்லடையில் தங்கியது, கூட்டுச் சதவீதமாக, 4.75 மி.மீ.யில் தொடங்கி 150 மைக்ரான் வரை வரிசையாக:

முதல் லோடு: 3, 12, 30, 55, 85, 97
இரண்டாவது லோடு: 0, 1, 5, 16, 62, 95

இதை எப்படிப் படிப்பது?

லேப்_மேசை:

ஆறு எண்ணையும் கூட்டி நூறால் வகுத்தால் ஃபைன்னஸ் மாடுலஸ், மணல் பொடியா பருமனா என்று காட்டும் எண். முதல் லோடு 282, அதாவது 2.82. நடுத்தர மணல். இரண்டாவது 179, அதாவது 1.79. மிகப் பொடி.

பொடி, பருமனை வைத்து மணலை நாலு மண்டலமாகப் பிரிப்பார்கள். எந்த மண்டலம் என்று அறிய 600 மைக்ரான் சல்லடையை (வரிசையில் நாலாவது எண்) மட்டும் பார்த்தால் பெரும்பாலும் போதும். அதில் தங்கியதை நூறிலிருந்து கழித்தால் கடந்து போனது. 15 முதல் 34 வரை என்றால் முதல் மண்டலம், 35 முதல் 59 இரண்டாவது, 60 முதல் 79 மூன்றாவது, 80-க்கு மேல் நான்காவது. முதல் லோடு 45, இரண்டாம் மண்டலம். ரூஃபுக்கு இதைவிட வேறு மணல் தேட வேண்டாம். இரண்டாவது லோடு 84, நான்காம் மண்டலம். உப்பே இல்லாவிட்டாலும், தனியாகக் கலவை வடிவமைத்துச் சோதிக்காமல் நான்காம் மண்டல மணலைக் கம்பி காங்கிரீட்டுக்குப் போடக் கூடாது. பொடி மணலுக்கு நனைய வேண்டிய பரப்பு அதிகம், தண்ணீர் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இப்போது அந்த 410. வெறும் தண்ணீரின் 4 போக 406. 200 மி.லி.யில் 0.081 கிராம், அது 100 கிராம் மணலிலிருந்து வந்தது. 650 கிலோ மணலுக்கு 0.53 கிலோ. அத்தனையும் சாப்பாட்டு உப்பு என்று வைத்தால் குளோரைடு 0.32 கிலோ. சிமென்டில் குளோரைடு 0.1% வரை இருக்கலாம் என்பது அனுமதி. உங்கள் கலவையில் கன மீட்டருக்கு எட்டு மூட்டை, 400 கிலோ, அதில் அதிகபட்சம் 0.4. கலவைத் தண்ணீருக்கு லிட்டருக்கு 500 மி.கி. வரை அனுமதி, 240 லிட்டரில் 0.12. மூன்றையும் கூட்டினால் 0.84. வரம்பு 0.6. நல்ல சிமென்டில் அவ்வளவு குளோரைடு இருப்பதில்லை, ஆகவே நிஜத்தில் இதைவிடக் குறைவாகத்தான் வரும். ஆனால் மணல் ஒன்றே கோட்டாவில் பாதிக்கு மேல் தின்றுவிடுகிறது. முதல் லோடில் இதே கணக்கைப் போட்டால் மணலின் பங்கு 0.05-க்கும் கீழே.

பூச்சுக்காவது போடலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், சுவரில் வெள்ளையாகப் பூக்கும், பெயின்ட் பொரியும். குளோரைடு தாள் வந்ததும் அதைக் காட்டி லோடைத் திருப்புங்கள். அதுவரை முதல் குவியலோடு சேராமல் நடுவில் ஒரு வரிசைச் செங்கல் அடுக்கிவையுங்கள்.

ஊத்துக்கோட்டை_சிவில்:

6.4 என்பது பாட்டிலில் பாஸ், 2.6 என்பது எடையிலும் பாஸ். முதல் லோடைக் கழுவவே வேண்டாம். குவியலின் கடைசி அரை அடியை மட்டும் அள்ளாமல் விட்டுவிடுங்கள். நீங்கள் முதலில் பார்த்த 8.7 அங்கேதான் கிடக்கிறது. தரைக்கு அடியில் நிரப்ப அது ஆகும்.

மணல் போதுமா என்று பாருங்கள். 1,050 சதுர அடி, 5 அங்குலத்தை 125 மி.மீ. என்று வைத்தால் காங்கிரீட் 12.2 கன மீட்டர். கன மீட்டருக்குக் காய்ந்த மணல் 0.42, ஆக 5.1 கன மீட்டர், சுமார் 181 கன அடி. பீம் தனி. ஆனால் உங்கள் குவியல் காய்ந்ததல்ல. நாலைந்து சதவீத ஈரத்தில் மணல் உப்பிப் பருக்கும். துகளுக்குத் துகள் தண்ணீர்ப் படலம் பிடித்துக்கொண்டு விலகி நிற்கும்.

எவ்வளவு உப்பியிருக்கிறது என்று பார்க்கப் பத்து நிமிடம் போதும். ஒரு நேரான டப்பாவில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாக ஈர மணலை அழுத்தாமல் கொட்டி, மட்டப்படுத்தி உயரம் அளங்கள். 200 மி.மீ. என்று வையுங்கள். மணலை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு டப்பாவில் பாதி தண்ணீர் ஊற்றுங்கள். மணலில் பாதியைப் போட்டு 6 மி.மீ. கம்பியால் குத்துங்கள், மீதியையும் போட்டுக் குத்தி மட்டப்படுத்துங்கள். முழுக்க நனைந்த மணல், காய்ந்த மணலின் உயரத்துக்கே இறங்கிவிடும். 160 வந்தால் உப்பல் 25%. அப்படியென்றால் 181 கன அடிக்கு 226 கன அடி வேண்டும். இரண்டே கால் யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி).

சட்டிக் கணக்கில் கலவை போட்டால் இந்த 25% அப்படியே காணாமல் போகும். 40, 35, 25 சென்டிமீட்டரில் ஒரு மரப்பெட்டி அடித்துக்கொள்ளுங்கள், சரியாக 35 லிட்டர், ஒரு மூட்டை சிமென்டின் கன அளவு. காய்ந்த மணலுக்கு ஒன்றரைப் பெட்டி. 25% உப்பிய மணலுக்கு ஒன்றே முக்கால் பெட்டிக்கு மேல் இன்னும் கொஞ்சம், அதாவது சுமார் 65 லிட்டர். இதைச் சேர்க்காமல் ஒன்றரையோடு நிறுத்தினால் மணல் குறைந்து ஜல்லி ஜல்லியாக நிற்கும். பீம் அடியில் சென்ட்ரிங் பிரித்ததும் தேன்கூடு தெரியும்.

தண்ணீர் மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் கூடாது. அதில் மணலின் ஈரத்தைக் கழிக்க வேண்டும். 500 கிராம் மணலை வாணலியில் வறுத்து மறுபடி நிறுங்கள். 476 வந்தால் ஈரம் 5%. ஒரு மூட்டைக் கலவையில் மணல் 80 கிலோ, அதோடு 4 லிட்டர் ஏற்கெனவே வந்துவிட்டது. மிக்சரில் 26 மட்டும் ஊற்றுங்கள்.

மழை பெய்த மறுநாள் காங்கிரீட் வைத்தால் இந்த இரண்டு எண்ணும் தலைகீழாகும். ஊறிய மணலில் உப்பல் இருக்காது, ஈரம் இரட்டிப்பாகியிருக்கும். முந்தின நாள் போட்ட அதே பெட்டிக் கணக்கில் போனால் மணலும் கூடும், தண்ணீரும் கூடும். காலையில் மிக்சர் ஓட்டுமுன் டப்பாவும் வாணலியும் ஒருமுறை.

வலிமைச் சோதனைக்காக, போட்ட அன்றே அதே காங்கிரீட்டில் 150 மி.மீ. கியூப் ஆறு எடுத்துவையுங்கள், மூன்று 7 நாளுக்கு, மூன்று 28 நாளுக்கு.

கரணை:

தம்பி, அடுத்த லோடு வாங்கும்போது யூனிட் கணக்கா டன் கணக்கான்னு பாத்துக்கோ. யூனிட்ல வாங்கினா உப்பின மணலுக்குக் காத்துக்கும் சேத்துக் காசு. சார் கணக்குப்படி 100 அடியில 20 அடி காத்து. டன்ல வாங்கினா தண்ணிக்குக் காசு. பத்து டன்ல 5% ஈரம்னா கிட்டத்தட்ட அரை டன் தண்ணி. பின்பக்கம் தண்ணி சொட்டச் சொட்ட வர்ற வண்டின்னா யூனிட்ல வாங்கு, காஞ்சு வந்தா டன்ல வாங்கு.

பில் இல்லாத லோடை எறக்காதே. ஆந்திராவுல 2024 ஜூலைலேருந்து இலவச மணல்தான், எடுக்கற கூலி, வண்டி வாடகை இதுதான் செலவு. எந்த ரீச்சுலேருந்து, அதாவது ஆத்துல மணல் அள்ளற எந்த எடத்துலேருந்து வந்ததுன்னு பில்லுல இருக்கும், கடலோரச் சரக்குக்கு அதைக் காட்ட முடியாது. எல்லை தாண்டி ஊத்துக்கோட்டைப் பக்கம் சொந்தக்காரங்களுக்குன்னு அனுப்பிடாதே, அது தடை, செக்போஸ்ட்ல வண்டியே போயிடும்.

பூச்சுக்கு மணல் வரும்போது மின்னுதான்னு பாரு. கூடூர், ராபூர் பக்கம் அப்ரகச் சுரங்கப் பூமி, அந்த ஓடை மணல்ல அப்ரகம் சேர்ந்து வரும். டம்ளர் தண்ணியில ஒரு பிடி போட்டுக் கலக்கி வெய்யில்ல பிடி. கனமான மணல் எறங்கினதுக்கு அப்புறமும் தகடு தகடாச் சுத்திக்கிட்டு மின்னிச்சுன்னா அது அப்ரகம். அந்தத் தகட்டுல சிமென்ட் பிடிக்காது, பூச்சு பாளம் பாளமாக் கழண்டு வரும்.

எறங்கற ஒவ்வொரு லோடுலேயும் ரெண்டு கிலோ ஒரு பையில கட்டி, தேதி, வண்டி நம்பர் எழுதி, சிமென்ட் ரூம்ல தொங்க விடு. டிரைவர் நிக்கும்போதே கட்டு.

சத்தியவேடு_வீடு:

குளோரைடு தாள் வந்துவிட்டது: இரண்டாவது லோடு, மணலின் எடையில் 0.045%. 650 கிலோவுக்கு 0.29 என்று வருகிறது, மீட்டர் கணக்கில் வந்த 0.32-க்குப் பக்கத்தில்தான். தாளின் நகலைக் கொடுத்ததும் வண்டி நாளைக் காலை வந்து அள்ளிக்கொள்வதாக விற்றவர் சொல்லியிருக்கிறார். பீமுக்கும் சேர்த்து இன்னும் ஒரு யூனிட் ஆரணியாற்று மணல் சொல்லியாகிவிட்டது. இறங்கும்போதே பாட்டிலோடு நிற்கிறேன்.